பத்துக்குப் பன்னிரண்டு அடி

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்தால் லேசில் விடாது. போன வாரம் அப்படி ஒரு சாயங்காலம். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா, இடுப்பில் கட்டியிருந்த சணல் சாக்கை அவிழ்த்து எங்கள் திண்ணைக் கம்பியில் உதறிப் போட்டார். நனைந்த சணல், தேயிலைக் கறை, செம்மண், கொஞ்சம் விறகுப் புகை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் கோத்தகிரியில் இல்லை. இலங்கையில், கம்பளைக்கு மேலே, அருங்காட்சியகமாக மாறிய ஒரு பழைய லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், காம்பராவுக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் காம்பராவிலும் ஆணியில் ஒரு படங்கு தொங்கியது. யாரோ ஒரு பெண் வருடக்கணக்காக இடுப்பில் கட்டிக் கொழுந்து பறித்த படங்கு. அதற்கு ஓர் எண் போட்டு, எந்தத் தோட்டம், யார் கொடுத்தது, எந்தக் காலத்தது என்று பதிவேட்டில் எழுதியது நான்தான். துவைத்து வைக்கலாமா என்று முதலில் ஒரு பேச்சு வந்தது. "துவைச்சா அதுல என்னா மிஞ்சும்?" என்று கேட்டார் அருங்காட்சியகத்தைத் தினமும் திறந்து கூட்டிப் பெருக்கும் அக்கா. துவைக்கவில்லை. மழை பெய்கிற நாளில் அந்தக் காம்பரா முழுக்க அதன் வாசனை நிற்கும்.

கண்டியில் ஹந்தானைப் பக்கம் பெரிய தேயிலை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பழைய தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் ரோலர்கள், இயந்திரங்கள், 1867இல் லூல்கந்துரையில் தேயிலையைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லரின் நினைவுகள். போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். நான் வேலை செய்தது அதுவல்ல. கம்பளையிலிருந்து மலையேறும் பாதையில், ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயத்தையே எடுத்துச் செப்பனிட்டு அமைத்த சின்ன இடம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும். கண்டியில் பெ. முத்துலிங்கம் நடத்திய சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அதைத் திறந்தது. இயந்திரத்தைப் பாதுகாக்க ஓர் இடம் இருந்த நாட்டில், அந்த இயந்திரத்துக்குக் கொழுந்து கொண்டுபோய்க் கொட்டியவர்களின் கூடைக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

நான் ஏன் அங்கே போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் மாத்தளை மாவட்டத்தில், இரத்தோட்டைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள். அப்பாவின் அப்பாவும் அங்கேதான் பிறந்தார். 1948இல் சுதந்திரம் வந்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டம், ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது. அதற்கு முந்திய வருடம்தான் இதே தோட்ட மக்கள் வாக்குப்போட்டு ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த தேர்தலில் அவர்களுக்கு வாக்கே இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பிறகு, 1974இல், அவர்களையும் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் குடும்பம் இந்தியக் கணக்கில் வந்தது. அம்மாவின் உயிர்ச் சிநேகிதி, பக்கத்துக் காம்பரா, இலங்கைக் கணக்கில் நின்றுவிட்டார்.

மாத்தளையில் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கடைசியில் நீலகிரியில் டேன்டீ தோட்டத்தில் வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியோருக்காகவே தமிழ்நாடு அரசு போட்ட தேயிலைத் தோட்டங்கள் அவை. தேயிலையிலிருந்து தேயிலைக்கு. நான் அங்கே பிறந்தேன். பள்ளிக்கூடத்தில் எங்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் வலித்ததில்லை. அது எந்த ஊர், எப்படி இருக்கும் என்ற ஆசைதான் வளர்ந்தது.

இலங்கையில் போர் முடிந்து சில வருடங்கள் கழிந்த பிறகு, ஆசிரியை வேலையிலிருந்து நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, சம்பளமில்லாமல் உழைக்கிறேன் என்று எழுதிக் கேட்டு, திருச்சியிலிருந்து விமானமேறினேன். அம்மா கப்பலில் வந்த கடலை நான் கொஞ்ச நேரத்தில் தாண்டிவிட்டேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் வரிசையில் நின்றபோது, அப்பா பிறந்த மண்ணில் கால் வைக்க இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டுக்காரியாக நிற்கிறேனே என்று நெஞ்சை அடைத்தது. குடிவரவு மேசையில் இருந்த இளைஞர் வந்த காரணம் கேட்டார். மியூசியம் ஒன்றைப் பார்க்க என்றேன். எந்த மியூசியம் என்று கேட்டார். சொன்னேன். அப்படி ஒன்று இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டு முத்திரை குத்தினார்.

லயத்துக் காம்பரா என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒடுக்கமாய் ஓர் இஸ்தோப்பு. அதிலேயே அடுப்பு, அதிலேயே விறகு, அதிலேயே விருந்தாளி. அந்த அளவுக்குள் ஒரு குடும்பம் பிறந்து, சடங்காகி, கல்யாணம் கட்டி, செத்தும் போகும். அருங்காட்சியகத்தில் அந்தச் சுவர்களை இடித்துப் பெரிதாக்காமல் விட்டிருந்தது நல்ல முடிவு. வருகிறவர்கள் உள்ளே கால் வைத்ததும் தாமாகவே தோள்களைக் குறுக்கிக்கொள்வார்கள். விளக்கவுரை எதுவும் அதைச் சொல்லிவிடாது.

உள்ளே இருந்தவை அம்மி, உரல், உலக்கை, கொழுந்துக் கூடை, முள்ளு, கவ்வாத்துக் கத்தி, கம்பளி, தப்பு என்கிற பறை. பறிக்கிற மட்டம் பிசகாமல் இருக்கச் செடிமேல் வைக்கும் மட்டக்கம்பு. சுவரில் தொழிற்சங்கத் தலைவர்களின் படங்கள். முல்லோயாக் கோவிந்தன் 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் 1977இல் தோட்டக் காணியைப் பிரித்தெடுப்பதை எதிர்த்து நின்று சுடப்பட்டுச் செத்தார். அப்புறம் கட்டுக்கட்டாகக் காகிதங்கள்: பிரஜாவுரிமை விண்ணப்பங்கள், பிறப்புச் சான்றுகள், பழைய கடவுச்சீட்டுகள். என் வேலை பெரும்பாலும் காகிதங்களோடுதான். தூசி தட்டி, படமெடுத்து, பெயரெழுதி, உறைக்குள் இடுவேன்.

இரண்டு வகையான ஆட்கள் வருவார்கள். வெள்ளைக்காரர்கள் சிலர், தேயிலை மலை பார்க்கப் போகிற வழியில். அமைதியாகப் பார்ப்பார்கள், நல்ல கேள்வி கேட்பார்கள், போவார்கள். இன்னொரு வகை, வேன் பிடித்து வரும் தோட்டப் பெண்கள். அவர்கள் வந்தால் சத்தம்தான். "ஏய், இது நம்ம வீட்டுல இருக்கே!" "இந்தக் கத்தி எங்க மாமாகிட்ட இன்னமும் இருக்கு." ஒருத்தி உலக்கையை எடுத்து இன்னொருத்தி கையில் கொடுத்து, மாவு இடிக்கும்போது பாடுகிற பாட்டைத் தொடங்கிவிடுவாள். ஒரு தடவை ஒரு பெண், காம்பராவைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"தங்கச்சி, இதைப் பழைய காலம்னு போட்டிருக்கீங்களா?"

"ஆமாங்க்கா."

"நாங்க இப்பவும் இதுலதானே இருக்கோம்?"

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அருங்காட்சியகத்தின் வாசலிலிருந்து பார்த்தால் எதிர்ச்சரிவில் லயம் தெரியும். கூரையில் துணி காயும். அந்த மனிதர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லை. ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் தருகிறோம் என்று வந்த வாக்குறுதிகளில் நிறைவேறியது கொஞ்சமே. நாட்கூலி ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, அது சட்டமாக வந்தது 2021இல்தான். உலகத்தில் பல இடங்களில் மனித உரிமை நினைவிடங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அவை, நடந்து முடிந்த ஒன்றை மறக்காதிருக்கக் கட்டப்பட்டவை. இங்கே இன்னும் முடியாத ஒன்றுக்கு நினைவிடம் கட்டியிருக்கிறோம். அன்று மாலை அந்த அறைக்குரிய விவரப் பலகையில் 'இன்றும்' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னேன். அக்கா உடனே தலையாட்டினார்.

தப்புக் கதையையும் சொல்லிவிட வேண்டும். கண்காட்சிப் பொருளைத் தொடக் கூடாது என்பது எல்லா அருங்காட்சியகத்துக்கும் விதி. ஒருநாள் வயசாளி ஒருவர், பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். தப்புக்கு முன்னால் நின்றவர் நகரவில்லை. "அதைக் கொஞ்சம் எறக்கித் தாறீங்களா?" என்றார். நான் தயங்கினேன். அக்கா தயங்கவில்லை, இறக்கிக் கொடுத்துவிட்டார். தாத்தா விரலால் தட்டிப் பார்த்து, "சூடு காட்டாம எப்படிப் பேசும்?" என்று சொல்லி, முற்றத்தில் காய்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்தினார். தோலை நெருப்புக்கு மேலே சுழற்றிச் சுழற்றிக் காய்ச்சினார். பிறகு அடித்தார். விடியுமுன் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஆள் எழுப்ப அடிக்கும் அடி. சாவுக்கு அடிக்கும் அடி. காமன் கூத்துக்கு அடிக்கும் அடி. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிச் சொல்லி அடித்தார். மேல் லயத்திலிருந்து பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். இப்போதெல்லாம் பெரட்டுக்குத் தப்பு அடிப்பதில்லை, சங்கு ஊதுகிறது. காமன் கூத்து மட்டும் மாசியில் சில தோட்டங்களில் நடக்கிறது. ரதியும் மதனும் ஆட, மன்மதனை எரித்து, மூன்றாம் நாள் எழுப்புவார்கள். தாத்தா தப்பைத் திருப்பிக் கொடுத்தபோது அதன் தோல் சூடாக இருந்தது. அதைத் தொட விட்டது சரி என்று இன்றுவரை நினைக்கிறேன்.

பொருள் சேகரிக்க அக்காவும் நானும் தோட்டம் தோட்டமாகப் போவோம். மாத்தளைக்குப் போக வேண்டும் என்று நான்தான் நச்சரித்தேன். கண்டியிலிருந்து வடக்கே போனால் காற்றே மாறும். தேயிலை மேலேதான், கீழே வர வர ரப்பர், கொக்கோ, மிளகு, கராம்பு, சாதிக்காய். வாசனைப் பயிர்களுக்கு நடுவே பஸ் போகும்போது அம்மாவின் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்தது மாதிரி இருந்தது.

மலையகத் தமிழர் கதையில் மாத்தளைக்கு ஒரு தனி இடம் உண்டு. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளை சிங்ஹபிட்டியவில் கோப்பி நட்டார். அதன் பிறகு கோப்பி மலையெங்கும் பரவ, ஆட்கள் தேவைப்பட்டார்கள். திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துப் பஞ்சத்திலிருந்து கங்காணிகள் கூட்டிவந்தார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து நடை. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று காட்டு வழி. யானையும் மலேரியாவும் வாந்திபேதியும் இருந்த வழி. பிழைத்தவர்கள் வந்து சேர்ந்த முதல் மலைப் பட்டணம் மாத்தளை. அங்கிருந்துதான் தோட்டம் தோட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். 1840களில் வந்தவர்களில் கால்வாசிப் பேர், ஏறத்தாழ 70,000 உயிர், போய்விட்டதாக அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகையே கணக்குச் சொன்னது. வந்து சேர்ந்தவர்கள் கும்பிட்ட அம்மன்தான் மாத்தளை முத்துமாரி. என் அம்மா நீலகிரியில் இருந்துகொண்டே மாசிமகத்தன்று ஐந்து தேரையும் மனதுக்குள் இழுப்பாள்.

அந்தக் கோவிலை 1983 ஜூலையில் எரித்தார்கள். பட்டணத்தில் தமிழர் கடைகளும் எரிந்தன. அப்போது நாங்கள் நீலகிரியில் இருந்தோம். வானொலியில் மாத்தளை என்ற பெயர் வந்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தது பற்றி அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். நான் போனபோது கோவில் மறுபடி எழும்பி, வானத்தைத் தொடும் கோபுரத்தோடு நின்றது. உள்ளே போய் அம்மாவின் பேரில் அருச்சனை செய்தேன்.

இரத்தோட்டைக்கு மேலே நக்கிள்ஸ் மலைச்சரிவில், மேகம் இறங்கிய ஒரு மத்தியானம், அம்மா சொன்ன அடையாளங்களை வைத்துக்கொண்டு அந்த லயத்தைத் தேடினோம். பெரிய பலாமரம், பக்கத்தில் பீலித் தண்ணி, பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் மாடன் கல். பலாமரம் இல்லை. பீலி இருந்தது. பீலியடியில் குடம் வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். அம்மாவின் பெயரைச் சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது, அவர் எடுக்கவில்லை. "அவ மூக்கு அப்படியே இருக்கு ஒனக்கு" என்று சொல்லி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். பக்கத்துக் காம்பராச் சிநேகிதி. நான் அவரைப் பெரியம்மா என்றே கூப்பிட்டேன்.

அன்று இராத்திரி அங்கேயே தங்கினோம். ரொட்டியும் கட்டச் சம்பலும் சாயத்தண்ணியும். சீனியைத் தேத்தண்ணியில் கலக்காமல், உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிக்கும் பழக்கத்தை அம்மாவிடம் மட்டும்தான் பார்த்திருந்தேன். பெரியம்மா வீட்டில் எல்லாரும் அப்படித்தான் குடித்தார்கள். பேச்சு 1973, 74இன் பஞ்சத்துக்குப் போனது. காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் கைமாறின, வேலை நாள் குறைந்தது, மாவும் அரிசியும் கிடைக்கவில்லை. கீரையும் கிழங்கும் தோண்டித் தின்றது, அதுவும் தீர்ந்தது, சின்னப் பிள்ளைகள் வீங்கிச் செத்தது, பட்டணத்துத் தெருவில் தோட்டத்துச் சனம் கையேந்தி நின்றது. "அப்பதான் ஒங்க அம்மா போறதுன்னு முடிவெடுத்தா. இந்தியாவுல சோறாவது கெடைக்கும்னா. நான் போக மாட்டேன்னுட்டேன். ஏன்னு எனக்கே இன்னிக்கும் தெரியல." கோச்சி நிலையத்தில் நடந்ததைச் சொன்னார். போகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்களாம். மலையகத்தில் அந்த வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். சன்னல் வழியாகப் பிடித்த கையை விடாமல் பெரியம்மா நடைமேடை முடியும்வரை ஓடியிருக்கிறார்.

காலையில் அருங்காட்சியகத்துக்கென்று அவர் கொடுத்தது ஒரு பித்தளைச் செம்பு. பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் கேட்டபோது எடுத்துக் காட்டினார், படமெடுக்க விட்டார், கையோடு திரும்ப வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்து, நாடற்றவர் என்ற பிரச்சினை ஏட்டில் தீர்ந்திருந்தது. ஆனால் பொலிஸ் சோதனையில், பாங்கில், பள்ளிக்கூடத்தில், எந்த நேரத்தில் யார் எதைக் கேட்பார்கள் என்ற பயம் தீரவில்லை. ஊருக்குத் திரும்பியதும் என் அம்மாவிடம் அவருடைய தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையைக் காப்பகத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "நாளைக்கு யாராச்சும் வந்து, நீ யாருன்னு கேட்டா?" என்றாள் அம்மா. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. ஒருத்தியை ஒரு நாடு ஏற்றது, இன்னொருத்தியை இன்னொரு நாடு ஏற்றது. இருவரும் ஒரே மாதிரிப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பயணத்தில் மாத்தளைப் பட்டணத்தை விட்டுக் கிளம்பிய அன்று நடந்ததையும் எழுதியாக வேண்டும். நான் அங்கிருந்த அந்தப் பருவத்தில், 2012 நவம்பரில், மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் உயிரி எரிவாயுக் குழி ஒன்றுக்காகத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்ட 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள். ஆய்வுக்கு அழைக்கப்பட்ட தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ, அவை 1980களின் இறுதியைச் சேர்ந்தவை என்றார். ஜே.வி.பி. கிளர்ச்சியை அரசு ஒடுக்கிய காலம் அது. மாத்தளையில் இளைஞர்கள் வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத காலம். பிற்பாடு வெளிநாட்டு ஆய்வகச் சோதனை ஒன்று, எலும்புகள் 1950க்கும் முந்தியவை என்றது. பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தவர்களின் மனம் அதோடு ஆறவில்லை.

பஸ் நிலையத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் நெகிழித்தாள் சுற்றிய ஒரு புகைப்படம். அக்காவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். பேச்சுக் கொடுத்தார். மகன். பள்ளிக்கூடத்துப் பையன். விசாரணை நடக்கும் நாட்களில் வந்து போகிறாராம். நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்க, அக்கா அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொன்னார். மறந்துபோகாமல் இருக்கப் பொருள்களை வைத்திருக்கிறோம் என்றார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, என் மகனின் படத்தையும் அங்கே வைப்பீர்களா என்று கேட்டார். அக்கா எனக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் குரல் சரியாக வரவில்லை. அது தோட்டத் தொழிலாளர்களுக்கான இடம் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் எழவில்லை. அக்கா அந்தப் படத்தைத் தன் போனில் பிடித்துக்கொண்டார், பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டார். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கென்று சீதுவைக்குப் பக்கத்தில் ரத்தொலுவ சந்தியில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, ஒவ்வொரு அக்டோபர் 27ஆம் திகதியும் குடும்பங்கள் அங்கே கூடுகின்றன என்பதையும் சொன்னார். அந்த அம்மாவுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆனால் அது தூரம். மகன் மாத்தளைப் பையன், மாத்தளையில் வேண்டும் என்றார். அவர் கேட்டது நியாயம். மாத்தளையில் தமிழ்த் தாய்க்கும் சிங்களத் தாய்க்கும் பொதுவாக ஓர் இடம் இருக்க வேண்டும். இரண்டு துக்கங்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் எதுவும் குறைந்துபோகாது.

2023இல் மறுபடி மாத்தளைக்குப் போனேன். மலையகத் தமிழர் வந்து இருநூறு வருடம் என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அதே பழைய வழியில் நடந்தார்கள். ஜூலை 28 அன்று கிளம்பி, ஆகஸ்ட் 12 அன்று மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். வழியில் சிங்களவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்துகொண்டார்கள், சோறும் தண்ணீரும் கொடுத்தார்கள். முன்னோர் நடந்த காலத்தில் அந்த வழியில் அவர்களை யாரும் வரவேற்கவில்லை. நான் கடைசி நாள் மட்டும் சேர்ந்துகொண்டேன். காணி, வீடு, நியாயமான சம்பளம், சமமான குடிமக்கள் என்ற ஏற்பு. எல்லாவற்றையும் எழுதிப் பிடித்துக்கொண்டு, தப்பு முழங்க, பிள்ளைகளும் கிழவிகளும் பட்டணத்துக்குள் வந்தார்கள். பெரியம்மா சாலையோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், முழங்கால் வலி. கூட்டம் கடக்கும்போது போனில் அம்மாவைக் கூப்பிட்டு, திரையை அவர் கையில் கொடுத்தேன்.

கோச்சி நிலையத்தில் பிரிந்த பிறகு இருவரும் முகம் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அழுவார்கள் என்று நினைத்தேன். "ஏண்டி இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்று அம்மா ஆரம்பிக்க, "நீ மட்டும் என்னவாம், பல்லெல்லாம் எங்கடி?" என்று பெரியம்மா கேட்க, இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள்.

மாத்தளைக்கு அருகில் அலுவிகாரை என்ற குன்று இருக்கிறது. வாய்வழியாகவே வந்துகொண்டிருந்த பௌத்தத் திரிபிடகத்தை இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் முதன்முதலாக ஓலையில் எழுதிவைத்த இடம் அது. பஞ்ச காலத்தில், மனப்பாடமாக வைத்திருந்த பிக்குகள் செத்துக்கொண்டிருந்தபோது, இனிமேல் எழுதாவிட்டால் போய்விடும் என்று எழுதினார்களாம். அந்தச் சாலையைக் கடக்கும்போதெல்லாம் என் மனசு பெரியம்மாவிடமும் அம்மாவிடமும் போகும். எண்பதை நெருங்குகிறார்கள்.

அதனால் இப்போது ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் இங்கிருந்து அம்மாவையும், அருங்காட்சியக அக்கா அங்கிருந்து பெரியம்மாவையும் போனில் இணைக்கிறோம். அவர்கள் விட்டுவந்த, விட்டுவராத அந்த லயத்தில் காம்பரா வாரியாக யார் யார் இருந்தார்கள், எத்தனை பிள்ளை, யார் இந்தியாவுக்குப் போனார்கள், யார் நின்றார்கள், பஞ்சத்தில் யார் செத்தார்கள் என்று சொல்லச் சொல்ல அக்கா எழுதுகிறார். முடிந்ததும் அது காப்பகத்துக்குப் போகும். குடும்ப அட்டையைப் படமெடுக்கவும் அம்மா சம்மதித்துவிட்டாள், மூலம் மட்டும் அவளிடமே இருக்கும். தொங்கல் காம்பராவில் இருந்தது சில்லறைக் கங்காணியின் குடும்பமா, தப்புக்காரரின் குடும்பமா என்பதில் இருவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. போன ஞாயிறும் அந்தச் சண்டையிலேயே போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அக்கா இரண்டு பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்.